மழையை மறித்த பந்தல்

நாகல்நகரில் பந்தல் வாடகைக்கு விடுகிறவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கல்யாணமா, காதுகுத்தாம்மா?” என்பதுதான்.

“மரத்துக்குப் போடணும்ணே,” என்றேன்.

அவர் என் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர்களிடம் பேசித்தான் பந்தல்காரர்களுக்குப் பழக்கம். அப்பா கையை விரித்தார். அவர் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர். மகள் தாவரவியல் படித்ததையும், பிறகு காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சேர்ந்ததையும் மில்லில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அந்தப் படிப்புக்காகப் பந்தல் கடை வாசலில் நிற்க வேண்டிவரும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் பட்டியலை நீட்டினேன். எதற்கும் பட்டியல் போடாமல் வீட்டை விட்டுக் கிளம்பும் வழக்கம் எனக்கு இல்லை. சவுக்குக் கழி, மூங்கில், கயிறு, வெளிச்சம் உள்ளே போகிற மாதிரியான பாலிதீன் விரிப்பு, கிழிந்தால் மாற்றுவதற்கு உபரியாகக் கொஞ்சம் விரிப்பு. உயரம் இடுப்பளவு.

“இடுப்பளவா? ஆளு எப்படி உள்ள போறது?”

“ஆளு போக வேணாம்ணே. மழை உள்ள போகக் கூடாது, அம்புட்டுதான்.”

“சேரு?”

“வேணாம்.”

“மைக்செட்டு? சீரியல் லைட்டு? வாழை மரம்?”

“மரம் அங்கயே இருக்குண்ணே.”

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அப்பாவிடம், “அண்ணே, நான் முப்பது வருசமாப் பந்தல் போடுறேன். எல்லாரும் மழ வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் போடுவாங்க. மழைக்குன்னே பந்தல் போடுறது உங்க பொண்ணுதான்,” என்றார். அப்பாவுக்கு அது பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார்.

இரண்டாயிரத்துக்குப் பின் மழை பொய்த்த வருடங்கள் அவை. அதற்கு முன்னாலும் எங்கள் ஊரில் தண்ணீர் தாராளமாக ஓடியதில்லை. தொண்ணூறுகளில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவில் யாரும் கிழமை சொல்ல மாட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்து எத்தனையாவது நாள் என்றுதான் சொல்வார்கள். விருந்தாளிகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். நல்லவர்கள் கேட்டுவிட்டு வராமலும் இருப்பார்கள். அப்படி வளர்ந்த எனக்கு மனிதர்களின் தாகம் தெரியும். மரங்கள் என்ன செய்கின்றன என்பதுதான் தெரியாது.

என் ஆராய்ச்சியின் கேள்வி அதுதான். பருவம் மாறிக்கொண்டே போய், மழைக்கும் மழைக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனால், சிறுமலை அடிவாரத்து வறண்ட காட்டில் எந்த மரம் முதலில் விழும்? எது தாங்கும்? தாங்குவது எப்படித் தாங்குகிறது?

வறட்சி வந்தால் மரங்கள் இரண்டு விதமாகக் குடித்தனம் நடத்தும். ஒரு வகை, மழை தள்ளிப்போகிறது என்று தெரிந்ததுமே இலைகளில் இருக்கும் நுண்துளைகளை இறுக்கி மூடிவிடும். தண்ணீர் வெளியே போகாது, மிச்சமாகும். ஆனால் காற்றும் உள்ளே வராது, அதனால் இலையில் நடக்கும் சமையலும் நின்றுபோகும். பட்டினி. இன்னொரு வகை கடைசிவரைக்கும் துளைகளைத் திறந்து வைத்துச் சமைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வேரிலிருந்து தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அத்தோடு தண்ணீர் ஏறுவது நின்றுவிடும். முதல் வகை என் அம்மா, இரண்டாம் வகை என் அப்பா என்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒருமுறை சொன்னேன். “அப்ப உன் வீடே ஒரு கலப்புக் காடும்மா,” என்றார்.

அந்தப் பேராசிரியர்தான் பந்தல் யோசனையைச் சொன்னவர். வறட்சி வரும்வரை காத்திருக்காமல் நாமே ஒரு சின்ன வறட்சியைச் செய்வது. காட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு துண்டு நிலம். இரண்டிலும் உசிலை, வெப்பாலை, குடைவேல். ஒன்றில், மரங்களின் கிளைக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் சரிவாகப் பந்தல் போட்டு, மழைத் தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் ஓரத்துக் குழிக்கு ஓட்டிவிட வேண்டும். இன்னொன்றைச் சும்மா விட்டுவிட வேண்டும். அதற்கு வானம் கொடுப்பது கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வறட்சியின் கைவேலை தனியாகத் தெரியும்.

திட்டம் எழுதியபோது பிரமாதமாக இருந்தது. அனுமதி வந்து, உதவித்தொகை வந்து, பந்தலும் போட்டு முடித்தபோது ஒரு சிக்கல் வந்தது. மழையே இல்லை. நான் கழி நட்டுக் கயிறு கட்டிச் செய்த வறட்சியை வானம் இரண்டு துண்டுக்கும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. பந்தலுக்கு உள்ளேயும் வெளியேயும் மண் ஒரே மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒப்பிட ஒன்றுமில்லை. என் உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழையாவது பெய்து, அது ஒரு துண்டில் இறங்கி, இன்னொரு துண்டில் இறங்காமல் போனால்தான் எனக்கு ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கும். மழையைத் தடுக்க எனக்கு மழை வேண்டியிருந்தது.

இதைச் சின்னாளப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஊர் என்றால் இரண்டு தெரு, ஒரு மேல்நிலைத் தொட்டி, தொட்டியடியில் வரிசையாகக் காலிக் குடங்கள். கொஞ்சம் பூ, கொஞ்சம் தக்காளி போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள். கிணறு வற்றியதால் பாதிப்பேர் தறி வேலைக்கும் நூல் மில்லுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் பேச்சில் கடைசி வார்த்தை எப்போதும் ஒரு அக்காவுடையதாக இருந்தது. சம்பங்கித் தோட்டம் காய்ந்துபோனதால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் வருகிறவர். பந்தலைப் பார்த்த முதல் நாளே என் உடை, என் வேலை, என் புத்தி மூன்றையும் பற்றித் தன் கருத்தைச் சொல்லிவிட்டார்.

“ஏ புள்ள, குடைய தலைக்கு மேல புடிப்பாக. நீ என்ன மரத்துக்கு இடுப்புல கட்டிவிட்டிருக்க, பாவாட மாதிரி?”

“மண்ணுல மழை படக்கூடாதுக்கா.”

“மழையே இல்ல.”

“வந்தா படக்கூடாது.”

“வந்தாத்தான?”

“அதான்க்கா என் கவலையும்.”

அக்கா ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ ஆராய்ச்சி பண்ணுனா மழ வருமா?”

“வராதுக்கா. மழை குறைஞ்சா எந்த மரம் மிஞ்சும்னு தெரியும்.”

“குறைஞ்சுதான கெடக்கு. மிஞ்சுனதப் பாத்து எழுதிக்கிட்டுப் போ. அது தானா சாகுறதுக்கு முன்னால நீ ஏன் கொல்லுற?”

என் பேராசிரியர் குழுவில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நான் வெப்பாலையின் தண்டில் சுற்றியிருந்த இரும்புப் பட்டையின் சுருளைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். மரம் பெருத்தால் அந்தச் சுருள் கொஞ்சம் விரியும். தாகத்தில் தண்டு சுருங்கினால் தளரும். அதை அளப்பதுதான் என் வாராந்திர வேலை. அக்கா அதற்கும் ஒரு பெயர் வைத்தார்: ஒட்டியாணம்.

அன்றிலிருந்து ஊரில் நான் பந்தக்காரி. பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. பஸ் வராத நாட்களில் அப்பா தன் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். மண்ணில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று பார்க்க, ஆழத்திலிருந்து மண் எடுத்து எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் மத்தியானம் அப்பா தயிர்சாதம் என்று நினைத்து அதில் ஒன்றைத் திறந்து, கையையும் வைத்துவிட்டார். “பாப்பா, உங்கம்மா இன்னைக்கு உப்பு போடல,” என்றார். அதற்குப் பிறகு டப்பாக்களின் மேல் பெரிய எழுத்தில் ‘மண்’ என்று எழுதி ஒட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் சமையலைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

ஐப்பசி பிறந்தும் மேகம் வரவில்லை. ஒரு நாள் நான் போனபோது தொட்டியடியில் ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம். வார்டு மெம்பர் நடுவில் நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பேச்சுக்கு முன்னால் ஒரு இருமல்.

“தாயி, தப்பா நெனைக்காத. வெள்ளிக்கெழம கொடும்பாவி இழுக்கிறோம். அதுக்கு முன்னால உன் பந்தலப் பிரிச்சுரணும்.”

மழை இல்லாத வருடங்களில் எங்கள் பக்கம் அது உண்டு. மழை வராததற்கு எந்தப் பாவி காரணமோ, அந்தப் பாவியைப் போல ஒரு உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய், மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். வானத்துக்கு மனம் இளகி மழை வரும் என்பது நம்பிக்கை.

“அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?”

“நாங்க வானத்துக்கிட்ட மழ கேக்குறோம். அது குனிஞ்சு பாக்குது. கீழ ஒருத்தி பாய விரிச்சு வச்சு மறிக்கிறா. வேணாம் போலருக்குன்னு போயிராதா?”

“வானம் எம்புட்டுப் பெருசு, என் பந்தல் எம்புட்டுண்ணே?”

“காதுக்குள்ள எறும்பு போனா, எம்புட்டுப் பெரிய எறும்புன்னா கேப்ப?”

கூட்டம் சிரித்தது. நான் என்னிடமிருந்த வாதங்களை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். வங்கக் கடலின் காற்றழுத்தம், பருவக்காற்றின் திசை, அனுமதிக் கடிதம். மூன்றுமே அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாது. உள்ளதைச் சொன்னேன். இந்தப் பருவத்தில் வரும் மழை பந்தலுக்குள் இறங்கிவிட்டால் என் வேலை முடிந்தது, அடுத்த வருடம் எனக்குப் பணம் இல்லை, திரும்பச் செய்ய முடியாது. மழை வரவேண்டும் என்று உங்களைப் போலவே நானும் காத்திருக்கிறேன். வந்தால் அந்தத் துண்டில் மட்டும் விழக்கூடாது, அவ்வளவுதான்.

மெம்பர் இருமினார். அக்காதான் வாயைத் திறந்தார். “பந்தலப் பிரிக்க வேணாம். மேல போட்டிருக்கிற பாய மட்டும் சுருட்டி ஓரமாக் கட்டிவைப்போம். வானத்துக்கும் மறிக்காது. மழ வந்தா நாங்களே போயி விரிச்சு விடுறோம்.”

“மழ வந்தா நீங்க ஆடுவீகளா, இவ பாய விரிப்பீகளா?” என்றார் மெம்பர்.

“விரிச்சுட்டு ஆடுறோம். உனக்கென்ன, நீயா ஆடப்போற?”

அப்படித்தான் முடிவாயிற்று. எப்படி அவிழ்ப்பது, எந்தப் பக்கம் இழுப்பது, எந்தக் கயிறை எதில் கட்டுவது என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். உபரி விரிப்பு எங்கே இருக்கிறது என்றும் காட்டினேன், கிழிந்தால் மாற்றட்டும் என்று. எனக்கு நிம்மதி.

கொடும்பாவிக்கு வைக்கோல் கிடைக்கவில்லை. இருந்த வைக்கோலை மாட்டுக்குத்தான் போட முடியும், பாவிக்கு யார் போடுவார்கள்? என் கிழிந்த பாலிதீனைக் கேட்டார்கள். பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது என்று நான் பிரசங்கம் செய்ததில், “அப்ப நீயே எதையாச்சும் கொண்டுவா,” என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் இருந்த கழிவுக் காகிதம் எல்லாமே என் ஆய்வுக்கட்டுரையின் பழைய வரைவுகள். பேராசிரியர் சிவப்பு மையில் கிழித்துத் தள்ளியவை. இரண்டு சாக்கு தேறின. வெள்ளிக்கிழமை, காடுகளின் மேல் வறட்சியின் விளைவுகள் பற்றிய மூன்று அத்தியாயங்களை வயிற்றில் அடைத்துக்கொண்டு, பழைய சுங்குடிச் சேலை கட்டிய கொடும்பாவி தெருவில் கிடந்தாள். அக்கா அவளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, என் துப்பட்டாவையும் கேட்டார்.

“எதுக்குக்கா?”

“உன் சாடை பத்தல.”

துப்பட்டாவைக் கொடுத்தேன். இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பாதி விளையாட்டாகத் தொடங்கிய அழுகை, காய்ந்த தோட்டங்களைத் தாண்டும்போது விளையாட்டாக இல்லை. நானும் கூடவே நடந்தேன். சில வீடுகள் தாண்டியதும் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

“நீ எதுக்கு அழுகுற?” என்றார் அக்கா, மாரில் அடிப்பதை நிறுத்தாமல்.

“எனக்கும் மழ வேணும்க்கா.”

“மறிக்கிறதுக்கா?”

“மறிக்கிறதுக்குத்தான்.”

அந்த ஒப்பாரியின் நடுவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து, துக்கம் தாங்காமல் விம்முகிறார் என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

மழை அடுத்த வாரம் வந்தது. கொடும்பாவியால் என்று மெம்பர் இன்றைக்கும் சொல்வார். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலத்தால் என்று பேராசிரியர் சொன்னார். மூன்று அத்தியாயங்கள் எரிந்ததால் இருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எழுத்தில் எங்கும் சொன்னதில்லை.

நான் அப்போது திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தேன். சிறுமலை இருக்கும் பக்கம் மலையையே காணவில்லை. கருப்பு மட்டும்தான் இருந்தது. “அப்பா!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து மாடிக்காரர் தன் வடகத்தை அள்ளத் தொடங்கிவிட்டார். அப்பா மொபெட்டை எடுத்தார். மதுரை ரோட்டில் தூசி பறந்தது, ஒரு சொட்டு இல்லை. சின்னாளப்பட்டியைத் தாண்டித் திரும்பியதும், யாரோ கோடு போட்டதுபோல ரோடு ஓரிடத்தில் நனையத் தொடங்கியது. அந்தக் கோட்டைத் தாண்டியபோது மழை எங்கள் முகத்தில் அறைந்தது. அப்பா ஆனந்தமாக, “பாப்பா, நல்ல மழடா!” என்று கத்தினார். நான் பின்னால் உட்கார்ந்து, விரித்திருப்பார்களா, விரித்திருப்பார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

விரித்திருந்தார்கள். மழைக்குள்ளிருந்து பந்தல் பளபளவென்று தெரிந்தது. கயிறுகள் நான் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரியே கட்டியிருந்தன. தண்ணீர் சரிவில் இறங்கி, அடியில் பாலிதீன் விரித்த ஓரத்துக் குழியில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அப்புறம்தான் பக்கத்தைப் பார்த்தேன். சும்மா இருக்க வேண்டிய துண்டையும் மூடிவிட்டிருந்தார்கள். உபரி விரிப்பு முழுவதையும் எடுத்து, பத்தாத இடத்துக்குப் பழைய சேலைகளையும் உரச் சாக்குகளையும் சேர்த்துக் கட்டி, என்னுடையதைவிட நேர்த்தியாக ஒரு பந்தல். அதன் தண்ணீரும் வாய்க்கால் வெட்டி அதே குழிக்கு வந்துகொண்டிருந்தது. கீழே மண் காய்ந்து கிடந்தது.

“அக்கா! இத யாரு மூடுனா?”

“நாங்கதான்.” சொட்டச் சொட்ட நனைந்த அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “மழ செத்த நேரத்துல வந்துருச்சு. ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சுக் கட்டுனோம்ல.”

“இது தொறந்து கெடக்கணும்க்கா! இதுல மழ விழணும்!”

“அதெப்படி? ரெண்டு புள்ளையில ஒண்ணுக்குச் சட்ட தச்சுப் போட்டுட்டு ஒண்ண அம்மணமா விடுவாகளா? நீ ஒத்த ஆளு, ஏலாம ஒண்ணோட விட்டுட்டன்னு நெனச்சோம். நாங்க இத்தன பேரு இருக்கோம்ல?”

என் திட்டத்தில் தவறு நடக்கக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் நான் யோசித்து வைத்திருந்தேன். ஆடு, காற்று, கரையான், திருட்டு. நியாய உணர்ச்சியை யோசிக்கவில்லை.

“பிரிங்கக்கா, பிரிங்க!”

எல்லோரும் பாய்ந்தார்கள். கட்டும்போது இருந்த ஒழுங்கு பிரிக்கும்போது இல்லை. ஆளுக்கொரு கயிறை அவிழ்த்ததில் நடுவில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஓரத்தில் நின்று “மெதுவா, மெதுவா” என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்த மெம்பர் மேல் மொத்தமாக இறங்கியது. அவர் இருமக்கூட முடியாமல் நின்றார். “கேட்டல்ல மழ, வாங்கிக்க,” என்றார் அக்கா. கடைசிச் சேலையை உருவி எடுத்தோம். மண்ணில் சொட்டுச் சொட்டாகப் புள்ளி விழத் தொடங்கியது. நான் மூச்சு விட்டேன்.

மழை நின்றுவிட்டது.

மலைமேல் மேகம் கலைந்து வெயில் எட்டிப்பார்த்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூடிய துண்டு காய்ந்திருந்தது; மூடாத துண்டு என்று இருக்க வேண்டியதும் காய்ந்திருந்தது. ஊர் முழுக்க நனைந்திருந்தது, அப்பாவும் மெம்பரும் உட்பட. இந்தப் பருவத்தில் இன்னொரு மழை வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான் ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“கெடுத்துட்டோமாக்கும்?” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிறைந்திருந்தது. இரண்டு துண்டு நிலத்தின் மழையும் அதில்தான் இருந்தது.

திறந்தவெளியில் வைத்திருந்த மழைமானியை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு பெய்தது என்று அது சொல்லிவிடும். அதை நிலத்தின் பரப்போடு பெருக்கினால் அந்தத் துண்டுக்குச் சேர வேண்டிய தண்ணீர் எவ்வளவு என்று வந்துவிடும். கணக்குப் போட்டேன், ஏறக்குறைய நூறு குடம். எழுந்தேன்.

“அக்கா, இந்தக் குழியில பாதித் தண்ணி அந்த மரங்களுக்குச் சேர வேண்டியது. திருப்பிக் கொடுத்துரலாம்.”

“ஊத்திரவா?” ஒரு பெண் குடத்தோடு ஓடினார்.

“இல்லக்கா, குடத்தோட கவுத்தா ஓடிப்போயிரும். மழ மாதிரி ஊத்தணும். மெதுவா. எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல.”

“மழ மாதிரின்னா?”

பூவாளி என்றேன். சம்பங்கிக்கும் தக்காளி நாற்றுக்கும் தெளிக்கும் பூவாளிகள், தண்ணீர் இல்லாததால் எல்லா வீட்டிலும் சும்மா கிடந்தன. ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். ஆனால் குழியில் கை வைப்பதற்கு முன் அக்கா ஒரு நிபந்தனை போட்டார்.

“பாதி மரத்துக்குன்னா, மிச்சப் பாதி?”

“அது மூடுன பக்கத்துத் தண்ணிக்கா. அது அந்த மரங்களுக்குப் போகக்கூடாது. எனக்கு வேணாம்.”

“அப்ப அது என் ஆட்டுக்கு.”

“எல்லாரு ஆட்டுக்கும்,” என்றார் மெம்பர், சட்டையைப் பிழிந்துகொண்டே. அதில் மட்டும் அவர் பேச்சு எடுபட்டது.

பாதியிருக்கும் மட்டத்தில் குழியின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டேன். பிறகு நடந்ததை எந்த அறிவியல் இதழிலும் நான் படித்ததில்லை. கட்டங்களாகக் கயிறு கட்டி நிலத்தைப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு பெண் என்று நிறுத்தினேன். பூவாளிகளை உயர்த்திப் பிடித்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மழை பெய்தார்கள். பூவாளி இல்லாதவர்கள் சல்லடையைப் பிடித்து மேலே சொம்பால் ஊற்றினார்கள். மழை என்றால் இடி வேண்டாமா என்று ஒரு பெண் காலிக் குடத்தைத் தட்டினார். அப்பா, தான் சும்மா நிற்பது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மொபெட்டின் முன்விளக்கை மின்னல்போல விட்டுவிட்டு எரியவைத்தார்.

“ஏ, உன் கட்டத்துல தூறல்தான் விழுகுது, நல்லாப் பெய்யி!”

“எனக்குத் தாழ்வு மண்டலம் வரலக்கா, இடுப்பு வலி வந்துருச்சு.”

“அங்கிட்டு வெப்பாலைக்கு விழுகல பாரு. அது என்ன பாவம் பண்ணுச்சு?”

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் தண்ணீர் என் குச்சியளவுக்கு இறங்கியது. அத்தோடு நிறுத்தச் சொன்னேன். மேலும் ஒரு குடம் ஊற்றினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டார்கள். கணக்குக் கெட்டுப்போகும் என்றேன். ஆடுகளை அவிழ்த்து விட்டார்கள்.

மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டு நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“இடியுமாம்மா?” என்றார்.

“ஆமா சார்.”

“சரி. நடந்ததை நடந்தபடி எழுது. சமமா விழுந்துதான்னு மண்ணை எடுத்துப் பாரு. ஆனா ஒண்ணு. ரெண்டு துண்டுலயும் மரம் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா நாம கடையைக் கட்டிரலாம்.”

மண்ணை எடுத்துப் பார்த்தேன். ஈரம் ஏறக்குறைய ஒரே சீராக இறங்கியிருந்தது. குடம் தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கட்டத்தில் மட்டும் குறைவு. ஆய்வுக்கட்டுரையில் அந்தச் சாயங்காலம் ஒரு வரியாக நிற்கிறது: முதல் மழையின்போது ஒப்பீட்டுத் துண்டு தவறுதலாக மூடப்பட்டதால், அதன் பங்கு நீர் அன்றே கையால் தெளிக்கப்பட்டது.

அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு சொட்டும் விழவில்லை. பட்டைகளின் சுருளை அளந்தேன். வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று அடித்துச் சொல்லும்படி இல்லை. உசிலைகள் இரண்டு பக்கமும் மொட்டையாக நின்றன. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு முறையும் கடையைக் கட்டும் சாமான்களை மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே போவேன்.

ஒரு நாள் காலை நான் போனபோது அக்கா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். ஆடுகளைக் கம்பால் மறித்தபடி, “வா, வா. இதுகள எம்புட்டு நேரம் புடிச்சு நிறுத்துறது? வாய வைக்கப் பாக்குதுக,” என்றார்.

திறந்த துண்டின் உசிலைகளில் கிளைக்குக் கிளை இளம்பச்சை துளிர்த்திருந்தது. கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தேன். பறவையின் இறகு மாதிரி மெத்தென்ற சின்னச் சின்ன இலைகள். திரும்பிப் பந்தலுக்குள் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. அதே மரம், அதே வயது, காய்ந்த குச்சிகள். ஒரு கிளையில் பட்டை உரியவும் தொடங்கியிருந்தது. நான் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசி மரத்தில் நின்று, என்னை மறந்து கையைத் தட்டிவிட்டேன்.

அக்கா பந்தலுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இதுகளப் பாரு. பக்கத்துல அது தளதளன்னு நிக்குது. இதுக்குக் கண்ணு இருந்தா எப்படி இருக்கும்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “இது காஞ்சதுக்கா கை தட்டுன?”

“ஆமாக்கா,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “துப்பட்டாவோட நிறுத்துனது தப்பு. உன்னையவே இழுத்திருக்கணும்,” என்றார். சொல்லிவிட்டு, துளிரை எட்டிக்கொண்டிருந்த ஆட்டைக் கம்பால் ஒன்று போட்டு, எனக்காக இன்னொரு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். அவர் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் முதல் மரத்தின் சுருளை அளக்க உட்கார்ந்தேன்.